செவ்வந்திக்கல்லுக்கு ஒரு வரி

ஒரு கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு, மறுகண்ணால் வந்தவரைப் பார்த்தபடியே சொரிமுத்து பேசுவான். "கோமேதகம்னா என்னன்னு தெரியுமா அண்ணாச்சி? பசுமாட்டுக் கொழுப்பு. அந்த நெறத்துல இருக்கதால அந்தப் பேரு." கேட்டவர் முகம் சுளித்து எழுந்து போனாலும் பெயரை மாற்றிச் சொல்லமாட்டான்.

மேலகரத்தில், குற்றாலம் போகும் சாலையோரம் நாலடிக் கடை. சீசனுக்கு ராசிக்கல் விற்க எத்தனையோ பேர் வருவார்கள். பெயர் எங்கிருந்து வந்தது என்று சீட்டில் எழுதிக் கல்லோடு கொடுப்பவன் இவன் ஒருவன்தான். பத்தாவது தவறியவன். தென்காசி நூலகத்தில் மூன்று புத்தகங்கள் ஒரேமாதிரிச் சொன்னால்தான் எழுதுவான். அக்கா ஆனந்தவள்ளிக்கு அதில் தனிப் பெருமை. மோதிரப் பெட்டிக்குள் அடங்கும்படி, ஓரம் பிசிறாமல் சீட்டு நறுக்கித் தருவது அவள்தான்.

புரட்டாசியில் ஒருநாள் சுஜிதா வந்தாள். கணவன் இசக்கிமணிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. ஊதாக்கல் மோதிரத்தையும் அதன் சீட்டையும் கண்ணாடி மேல் வைத்தாள். சனிக்கு நீலக்கல் கேட்டு ஆடியில் வந்த இசக்கிமணி, விலைக்குப் பயந்து அதற்குப் பதிலாக எடுத்துப்போன கல்.

சீட்டில் இருந்தது: 'செவ்வந்திக்கல். ஆங்கிலத்தில் அமெதிஸ்ட். கிரேக்கச் சொல். போதை ஏறாதது என்று பொருள்.'

"இத எல்லார்ட்டயும் காட்டுவாவ அண்ணாச்சி. 'நமக்கு ஏறாதுட்டி, பேர்லயே போட்டிருக்கு'ன்னு ரெண்டு பங்கு குடிச்சாவ. அன்னைக்கும் இதக் காட்டிட்டுத்தான் பைக்க எடுத்தாவளாம். நின்ன லாரியில போய்..."

சொரிமுத்து லென்சைக் கழற்றினான். "பேருக்கு அர்த்தந்தான் எழுதியிருக்கேன் தாயி. கல்லு அதச் செய்யும்னு எழுதலையே."

"நீங்க எழுதுனது தப்புன்னு நான் சொல்லல. அவியளுக்கு அந்த வித்தியாசம் தெரியல. அடுத்தவனுக்காவது தெரியட்டும். ஒரு வரி சேத்து எழுதுங்க."

ஆனந்தவள்ளிக்குப் பொறுக்கவில்லை. "குடிக்கவன் எதையாவது சாக்கு வச்சுத்தாம்மா குடிப்பான். எந்தம்பி எழுத்துல ஏன் பழியக் கொண்டு போடுத?"

"எக்கா, சும்மா இரி. இவ்வளவு பாத்து எழுதுன நான், வாசிக்கவன் யாருன்னு பாக்கல."

செவ்வந்திக்கல் பெட்டிகள் பதினொன்று இருந்தன. முதல் பெட்டியைத் திறந்து சீட்டை எடுத்தான். முன்பக்கம் இடமில்லை. பின்னால் திருப்பி, 'கல்லுக்கு இந்தச் சக்தி கிடையாது' என்று எழுதினான். மை காயுமட்டும் ஊதிவிட்டு, புதுவரி மேலே தெரிய, மூன்று புத்தகம் பார்த்து எழுதிய பெயர் அடியில் போகும்படி பெட்டிக்குள் வைத்து மூடினான்.

சுஜிதா நின்றுகொண்டே இருந்தாள். ஆனந்தவள்ளி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த பெட்டியைத் திறந்து தம்பியின் பக்கம் நகர்த்தினாள்.