எப்சிபாவிடம் கேட்க வேண்டிய கேள்வி

ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "சுடச்சுட நேந்திரங்காய் சிப்ஸ், ஐந்தருவி போகும் வழியில், இடது கைப் பக்கம்" என்று எப்சிபா மறுபடியும் மைக்கில் சொல்கிறாள். முதலில் சொன்னதில் 'சிப்ஸ்' இரைந்துவிட்டதாம். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால், தென்காசியில் சுற்றும் விளம்பர ஆட்டோக்களில் பாதிக்கு இவள் குரல்தான். ஹெட்போனில் இனிக்கிற குரல் கூம்பு ஸ்பீக்கரில் கிழியும். அதனால் பதிவு முடிந்ததும் லேப்டாப்பிலிருந்து ஜன்னல் வழியே வயரை விட்டு, வாசலில் நிற்கும் பலவேசம் அண்ணாச்சியின் ஆட்டோவில் செருகி ஒருமுறை அலறவிட்டுப் பார்ப்பாள். தெருவுக்கு அது பழகிவிட்டது.

எப்சிபாவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி. பட்டம் வாங்கியது சிப்ஸ் விற்கவா என்று தன்னையே அடிக்கடி கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் ஏதாவது அல்வாக்கடையிலிருந்து போன் வந்துவிடும். திரையில் உள்ளதை லேப்டாப் அவளுக்கு வாசித்துச் சொல்லும். அவள் வைத்திருக்கும் வேகத்தில் அடுத்தவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. "கடலை வறுக்க மாதிரில்லா இருக்கு" என்பார் அண்ணாச்சி.

போன சீசனில் லேப்டாப் மக்கர் செய்தது. பழுது பார்க்க வந்தவர், 'அழிக்கவா' என்று திரை கேட்டதற்குத் தானே 'ஆம்' என்று அழுத்திவிட்டார். அவள் பதிந்து வைத்திருந்த குரல்கள் எல்லாம் போயின.

"போனது கூட போட்டும் அண்ணாச்சி. எங்கிட்ட கேக்க வேண்டிய கேள்வியை அவர்ட்டல்லா கேட்டுருக்கு."

அதனால்தான் இந்த முறை லேப்டாப்பை இயக்கும் மென்பொருளையே மாற்றி, லினக்ஸைத் தன் கையாலேயே நிறுவுவது என்று முடிவு. லினக்ஸில் பல வகை; எது நல்லது என்று விசாரித்தால் இணையத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்று அழகாம், ஒன்று வேகமாம். எப்சிபாவுக்கு ஒரே நிபந்தனை: முதல் திரையிலிருந்தே அது பேச வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை இரவல் தர ஆள் தேடக் கூடாது.

மூன்று பென்டிரைவில் மூன்று வகையை இறக்கி, தொட்டால் தெரிய அடையாளம் வைத்தாள். ரப்பர் பேண்ட் போட்டது வாயே திறக்கவில்லை. நூல் சுற்றியது பேசியது. ஆனால் எந்தப் பொத்தான் என்று சொல்லாமல் "பொத்தான், பொத்தான்" என்றே சாதித்தது. "சட்டையா தைக்கப் போறேன்?" என்று பிடுங்கிப் போட்டாள்.

மிஞ்சியது எதுவும் சுற்றாமல் மொட்டையாக இருந்த மூன்றாவது, டெபியன் என்கிற வகை. பீப் சத்தம் கேட்டதும் எஸ் அழுத்தி என்டர் தட்டினால் பேசும் என்று படித்திருந்தாள். பீப் வந்தது. தட்டினாள். லேப்டாப்பில் மூச்சுப் பேச்சில்லை. மூடிவிடலாமென்று கை போகும்போது, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி வாசலில் ஆட்டோ ஆங்கிலத்தில் முழங்கியது. காலையில் செருகிய வயரைப் பிடுங்க மறந்திருந்தாள்.

"ஏ பிள்ள, வெள்ளக்காரன் ஒருத்தன் நம்ம வண்டிக்குள்ள இருந்து பேசுதான்."

"பேசட்டும் அண்ணாச்சி. ஆஃப் பண்ணிராதீங்க." சிரிப்பை அடக்க முடியவில்லை. வயரைப் பிடுங்கினால் கிடைத்த குரலும் போய்விடுமோ என்று பயம் வேறு.

அப்புறம் எல்லாம் தெரு அறியத்தான் நடந்தது. நாடு இந்தியா என்று தெருவுக்குத் தெரிந்தது. கடவுச்சொல்லை அடிக்கும்போது மட்டும் அது "ஸ்டார், ஸ்டார்" என்று மறைத்துக்கொண்டது.

"பாஸ்வேர்டையும் சொல்லிருவான்னுல்லா பாத்தேன்" என்றாள் எதிர்வீட்டு வடிவம்மாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. பழையதை அழித்து எழுதவா? ஒன்று, ஆம். இரண்டு, இல்லை. குரல்களையெல்லாம் இந்த முறை வேறொரு இடத்தில் பத்திரப்படுத்தியிருந்தாள். ஆனாலும் விரல் நின்றது. அண்ணாச்சி படியேறி வந்துவிட்டார்.

"அழிக்கவான்னு கேக்கான் பிள்ள. நான் வேணா பாத்து அமுக்கட்டா?"

எப்சிபா தோளிலிருந்து துப்பட்டாவை உருவி, லேப்டாப் திரையின் மேல் போர்த்தினாள். பிறகு ஒன்றாம் எண்ணை அழுத்தினாள்.