பிசிறு மேஜையில் கேட்ட ஐடியா

‘அவுட் ஆஃப் தி பாக்ஸ்’ என்று யாராவது சொன்னால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் அது போன வருஷம் பரவிய காய்ச்சல். முதலாளியின் மகன் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தார். அதன்பின் துணியில் சாயம் மாறி வந்தாலும், ‘கொஞ்சம் அவுட் ஆஃப் தி பாக்ஸ் யோசிங்க’ என்பதுதான் பதில்.

ஒருநாள், எல்லாப் பகுதியிலும் ஐடியா கேட்டு ஸ்லைடு போட்டுக் காட்டும் வேலையை என் தலையில் கட்டினார். பகுதி பகுதியாகப் போய்க் கேட்டேன். வெறும் நோட்டோடு நின்ற என்னைப் பார்த்து இரக்கப்பட்டு ஓர் அக்கா மட்டும் பேசினார். தைத்து வரும் பனியனில் தொங்கும் பிசிறு நூலை நாள் முழுக்கப் பிசிறு மேஜையில் குனிந்து வெட்டும் ஆறு பெண்களில் ஒருவர்.

“ஏங்கண்ணு, தெக்கிற எடத்துலயே பாதிப் பிசிற வெட்டி உட்டாங்கன்னா எங்களுக்குக் கழுத்து வலி கொறையும். அத எழுதிக்க.”

கழுத்து வலியை ஸ்லைடில் போட்டால் யார் பார்ப்பார்கள்? ‘பிராசஸ் இன்னோவேஷன்’ என்று தலைப்பு வைத்தேன். பாதியை முழுசாக்கினேன். எடுப்பாக இருக்கட்டும் என்று, ‘இனி பிசிறு மேஜையே தேவையில்லை’ என்ற வரியையும் நானே சேர்த்தேன். அந்த வரிக்குத்தான் கைதட்டல். அக்காவைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் மேஜையைத் தூக்கிவிட்டு, ஆறு பேரையும் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொன்னார்கள். “உங்க அக்கா குடுத்த ஐடியாதானுங்க” என்று அவர்களிடம் சொன்னார் சூப்பர்வைசர். குன்னத்தூரிலிருந்து ஒரே வேனில் சிரித்துப் பேசி வருகிறவர்கள் அவர்கள். மற்ற ஐந்து பேரும் அதோடு அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

கடைசி நாள் சாயங்காலம், கேட்டில் வேன் நின்றது. ஐவரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்.

“சார், மேசையே வேண்டாம்னு நாஞ் சொல்லலீன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார். வேலை போனாப் போவுதுங்க. ஒரே ஊர்ல மூஞ்சி பாத்து இருக்கோணுமில்லீங்களா?”

அதுவரை அவர் என்னைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

“நீங்க போங்கக்கா, வர்றேன்” என்றேன். முதலாளியின் மகன் உள்ளே இருந்தார். சொன்னால் என் பேர் கெடும் என்று பயந்தேன். அக்கா வேனில் ஏறாமல், ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நான் வருகிறேனா என்று பார்த்துக்கொண்டே நின்றார். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். நான் போகவில்லை.