பெயர் போடாத கட்டுரை

தென்காசியில் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். நாள் முழுக்க 'நான்' என்று எழுதுவேன். அதில் ஒன்றுகூட நான் இல்லை. "இன்னார் குமாரர் இன்னாராகிய நான், என் மனப்பூர்வமான சம்மதத்தில்..." என்று எவருக்காகவோ எழுதி, அடியில் 'எழுதியவர்' என்ற இடத்தில் மட்டும் என் பெயரைப் போடுவேன். பேச்சு எனக்கு வராது. திக்குவாய். அதிலும் சொந்தப் பெயரைச் சொல்லச் சொன்னால் முதல் எழுத்தைத் தாண்டாது. பத்திரம் எழுத வருகிறவர்கள் வாயைப் பார்ப்பதில்லை, பேனாவைத்தான் பார்ப்பார்கள் என்பதால் அந்தத் தொழில் எனக்கு ஒத்துப்போனது.

அறுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் ஆறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் அரிசி ஆலையின் மாடியில் கூடுவோம். 'நான்' என்பது யார் என்று மணிக்கணக்கில் வாதம் நடக்கும். உடம்புதான் நான் என்பார் ஆலை மேனேஜர். "அப்போ கால் போனவன் முக்கால் ஆளா வே?" என்று கேட்பார் வைத்தியர். நினைவுதான் நான் என்பான் என் சிநேகிதன். அவன் பள்ளிக்கூட வாத்தியார், வாயெடுத்தால் கூட்டம் கூடிவிடும். ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். நான் திக்கி நின்ற இடத்திலெல்லாம் எனக்காகப் பேசியவன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதம் ஒருவர் கட்டுரை எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது. 'என்னுடையது' என்ற எண்ணத்தை விடுவதற்கு அது பயிற்சியாம்! வேறொருவர் அதை வாசிப்பார். வாசித்து முடித்த பிறகு, எழுதியது யார் என்று அவரே ஒரு வார்த்தை சொல்லுவார். இதில் எங்களுக்குப் பெருமை வேறு. கிறுக்குப் பயல்கள்.

அந்த வருஷம் சாரல் சமயத்தில் குற்றாலத்துப் பங்களாக்காரர் ஒருவர் சபை கூட்டினார். எங்கள் சார்பில் ஒரு கட்டுரைக்கு இடம் கொடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து என்னுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். வாசிக்க வேண்டியது சிநேகிதன். மற்ற நாலு பேருக்கும் அன்றைக்கு வர முடியாமல் போயிற்று.

பத்து வயதில் புது வாத்தியார் பெயர் கேட்டார்; சொல்ல முடியாமல் டவுசரை நனைத்துக்கொண்டு நின்றேன். வகுப்பே சிரித்தது. அப்போதும் எனக்குள்ளே ஒருவன் என் பெயரைத் தெள்ளத் தெளிவாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். அவன் இன்றுவரை திக்கியதே இல்லை. இந்த இரண்டு பேரில் யார் நான்? இதுதான் கட்டுரை. இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் எழுதியதை இன்றைக்கு வாசிக்கப் போகிறார்கள் என்று பஸ்ஸில் அவளிடம் சொல்லி முடிப்பதற்குள் பாதி வழியில் இருக்கும் மேலகரம் தாண்டிவிட்டது. பதினோரு வருஷக் குடும்பத்தில் அவளுக்கு நான் வாயில்லாப் பூச்சி. இந்த மனுஷனுக்குள் இப்படி ஒருவன் இருக்கிறானா என்று அவள் ஒரு தடவை நினைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

சிநேகிதன் எழுந்தான். கையில் என் தாள் இல்லை. மனப்பாடம் செய்திருந்தான்! 'நான்' என்று அவன் சொல்லச் சொல்ல, கூட்டம் அவனைத்தான் பார்த்தது. பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. முடித்தான். என் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் கும்பிடு போட்டான். பங்களாக்காரர் சால்வையைப் போர்த்தி, "திக்குவாய் எப்படி சரியாச்சு அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"விடாம முயற்சி பண்ணினேன், அவ்வளவுதான்" என்றான்.

நான் எழுந்துவிட்டேன். "அ... அது... நா... நா..."

"இவருக்கும் அதே கோளாறு போலிருக்கே" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். சிநேகிதன் வந்து என் தோளை அமுக்கி, "உணர்ச்சிவசப்பட்டுட்டீக, உக்காருங்க அண்ணாச்சி" என்றான். ஏலே என்று கூப்பிடுகிறவனுக்கு அன்றைக்கு நான் அண்ணாச்சி.

கூட்டம் கலைந்ததும் பங்களாவுக்குப் பின்னால் அவன் சால்வையைப் பிடித்து நிறுத்தினேன். "ஏ... ஏம்லே?" அதற்கு மேல் வரவில்லை.

"எண்ணத்துக்குச் சொந்தக்காரன் எவம்லே? நீதான் பேரே போடலியே. எனதுன்னு ஒண்ணும் கிடையாதுன்னு வாரா வாரம் பேசுதோம், ஒரு கட்டுரைக்குப் போய் இந்தக் குதி குதிக்கே!" என்று சிரித்தான். பிறகு குரலைத் தணித்து, "நீ வாசிச்சிருந்தா எவன் உக்காந்து கேட்டிருப்பான், சொல்லு" என்றான்.

பாவி. முப்பது வருஷச் சிநேகம். என் பொருளைத் திருடியிருந்தால் போலீசுக்குப் போகலாம். என்னையே எடுத்துக்கொண்டு போனவனை எங்கே போய்ச் சொல்வது, எந்த வாயால் சொல்வது? அதற்குப் பிறகு ஆலை மாடியில் நான் கால் வைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மனைவி, "நீங்க எழுதினத வாசிக்கவே இல்லியே?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்லப் பத்து வாக்கியமாவது வேண்டும். என்னிடம் அவ்வளவு மூச்சு இல்லை. "நே... நேரமில்ல" என்றேன்.

"போட்டும், அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம். ஆனா உங்க சேக்காளி பேச்சு இருக்கே, யப்பா! டவுசர நனைச்சிட்டு நின்னேன்னு சொன்னாகல்லா, எனக்கு அழுகையே வந்துட்டு. சின்ன வயசுல என்ன பாடு பட்டிருக்காக, பாவம்!"

முந்தானையால் மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினோரு வருஷத்தில் என் திக்கலுக்காக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள். பிறகு என் பக்கம் திரும்பி, தன்மையாகத்தான் கேட்டாள்:

"அவுகள மாதிரி நீங்களும் கொஞ்சம் முயற்சி பண்ணினா என்ன?"