துரை பார்க்க வந்த பூ

எங்கள் கந்தோரின் மேலதிகாரியான துரையிடம் நான் டேலிலிக் கன்று வாங்கியதற்குக் காரணம் பூவின் மேல் இருந்த ஆசையல்ல. மன்னாருக்கு யாரை மாற்றுவது என்ற பட்டியல் அவருடைய மேசையில் இருந்தது. பிள்ளைகள் இருவரும் கொழும்பில் படிக்கத் தொடங்கி, வெள்ளவத்தை வாடகை வீட்டில் மனைவிக்கு ஒருவாறு மனம் பொருந்தியிருந்த வருஷம் அது. துரை தன் பூந்தோட்டத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். நான் தலையாட்டுவேன்.

ஒருநாள் அவர் என் தலையாட்டலை நம்பிவிட்டார். தன் வளவுக்கு அழைத்துப்போய் இரண்டு செடிகளைக் காட்டி, விரும்பியதை எடுக்கச் சொன்னார். ஒன்று செங்கல் நிறமாம். பூவைப் படத்தில்தான் காட்டினார். அது குளிரில் இலையெல்லாம் வாடித் தூங்கி எழும்பினால்தான் பூக்குமாம். மற்றது மஞ்சள், வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும். வெள்ளவத்தையில் குளிருக்கு எங்கே போவது? மஞ்சளைக் கேட்டேன். என் உத்தியோக காலத்தில் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அது.

“பூத்ததும் சொல், வந்து பார்க்கிறேன்” என்றார் துரை.

கடற்கரை மணலில் சாணம் கலந்து நட்டேன். அடுத்த வீட்டு அக்கா ரம்பை என்று நினைத்து இரண்டு இலையைக் கிள்ளிக் கறிக்குப் போட்டுவிட்டு, மணமே வரவில்லை என்று என்னிடம் குறை சொன்னார். அதையும் தாண்டி ஒரு தண்டு வந்தது, மூன்று மொட்டுகளோடு. இந்தப் பூவுக்கு ஆயுள் ஒரு பகல்தான். முதல் இரண்டையும் மனைவி விடியவே ஆய்ந்து சாமியறைப் பிள்ளையாருக்கு வைத்துவிட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விரியும்போல் இருந்தது. துரை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பின்னேரம் மொட்டின் காம்பில் அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன்.

“இஞ்ச பாரும், நாளைக்கு இதில கை வைக்கக் கூடாது.”

“பத்துத்தரம் சொல்லிப்போட்டியள். நான் மறக்கமாட்டன். நீங்கள் உங்களைப் பாருங்கோ.”

ஞாயிற்றுக்கிழமைப் பூசை என்னுடையது. குளித்து, ஈர வேட்டியோடு, “பிள்ளையாரே, மன்னார் மட்டும் வேண்டாம்” என்று முணுமுணுத்தபடி முற்றத்தில் பூ ஆய்ந்தேன். சாமிக்கு வைத்துக் கர்ப்பூரமும் காட்டி முடித்த பிறகுதான் மனைவி எட்டிப்பார்த்தாள்.

“இதென்னப்பா, மஞ்சளாய்க் கிடக்குது?”

நானும் பார்த்தேன். செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் நடுவில் டேலிலி நன்றாகத்தான் விரிந்திருந்தது. காம்பில் சிவப்பு நூலும் இருந்தது.

“எடுத்துத் தண்டில திருப்பிக் கட்டிவிடட்டோ?”

“சாமிக்கு வைச்சதையோ? பிறகு மன்னாரோட நிக்காது, கண்டியளோ.”

துரை நேரத்துக்கே வந்தார். பூவில்லாத மொட்டைத் தண்டைச் சிறிது நேரம் மரியாதையாகப் பார்த்தார். வேறு வழியின்றிச் சாமியறை வாசலுக்குக் கூட்டிப்போனேன். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். அவருடைய காலுறையில் பெருவிரல் வெளியே தெரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே இலாகா என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

தன் வளவில் பூவையெல்லாம் நத்தை தின்கிறது, இது எவ்வளவோ மேல் என்றார். பிறகு அந்தச் சிவப்பு நூல் என்னவென்று கேட்டார்.

“சமய வழக்கம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். என் தலையாட்டலைப் போலவே இருந்தது.

அடுத்த கிழமை பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. பிள்ளையார் பார்த்துக்கொண்டார் என்றாள் மனைவி. டேலிலி பார்த்துக்கொண்டது என்று வாதாட எனக்கு வாய் இல்லை. அதைப் பிள்ளையாரிடம் கொடுத்ததே நான்தான்.

இரண்டாவது தண்டு வந்தபோது, “இதையெண்டாலும் செடியில விடுவமோ?” என்று கேட்டேன்.

“சாமிக்குத்தான். அடுத்த வருஷமும் லிஸ்ட் வரும்தானே” என்றபடி அவள் சிவப்பு நூலைத் தேடினாள்.