ஏழு புள்ளிக் கரப்பானும் சிவப்பு அம்பும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. தோலில் உண்ணி கடித்த தழும்போ கீறலோ தெரிந்தால் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்பு ஒட்டிய துண்டு ரிஜெக்ட். நாள் முழுக்க இப்படிப் பார்த்துப் பழகிய கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் சும்மா இருக்குமா? பூச்சி பார்க்க ஆரம்பித்துவிட்டது.

மழை வந்தால் பாத்ரூமுக்குள் வரும் ரயில் பூச்சியிலேயே எங்கள் தெருவில் இரண்டு வகை உண்டு. ஒன்று தொட்டால் சுருளும். இன்னொன்றுக்கு முதுகு தட்டை, ஓரத்தில் மஞ்சள் புள்ளி. போட்டோ எடுத்து, செல்போனில் தேடி, பேர் கண்டுபிடிக்கும் வரை எனக்குச் சோறு இறங்காது.

"இன்னாம்மா, பூச்சிக்கெல்லாம் ஆதார் கார்டு எடுக்கிறியா?" என்பார் கீழ்வீட்டு உருதுக்கார அக்கா. தெருவே அவரை 'பாஜி' என்றுதான் கூப்பிடும்.

போன மழையில் ஒருநாள், கறுப்பு முதுகில் வெள்ளைப் புள்ளிகளோடு ஒன்று வாசலில் ஓடியது. அவ்வளவு அழகு. கடைசியில் பார்த்தால் கரப்பான்! பேரே ஏழு புள்ளிக் கரப்பானாம். அடுப்பங்கரைப் பக்கமே வராதாம். சருகு மண்ணில் இருக்குமாம். எடுத்த படமோ ஒரே மங்கல். ஏழு புள்ளியா என்று எண்ண முடியவில்லை. அதை இன்னொரு தடவை பார்த்தே ஆகவேண்டும் என்று அடுத்த மழைக்காலம் வரை காத்திருந்தேன்.

இந்த வருஷம் முதல் மழை விட்ட காலையில், வேப்பமரத்தடிச் சுவரில் அது உட்கார்ந்திருந்தது. செல்போன் உள்ளே சார்ஜில். இடம் மறந்துவிடக் கூடாதே என்று வேலைக்குப் போட்டிருந்த கம்பெனி கோட்டுப் பையிலிருந்த அம்பு ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்டிவிட்டு ஓடினேன். திரும்பி வந்தால், அதே கம்பெனியில் தோல் வெட்டும் கட்டிங் பிரிவில் இருக்கும் என் வீட்டுக்காரர் செருப்பும் கையுமாக நிற்கிறார்.

"இன்னாங்க பண்ணிட்டீங்க!"

"நீதானே அம்பு ஒட்டி வெச்சிருந்த? ரிஜெக்ட்டுன்னு நெனச்சேன்."

பாஜி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கரப்பானுக்கு அழுவார்களா என்றால், நான் அழுதேன். கம்பெனி வேனில் அவர் பக்கத்தில்கூட உட்காரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மரத்தடியிலிருந்து அவர் குரல் கேட்டது.

"சீக்கிரம் வா. ஸ்டிக்கர் கிக்கர் ஒட்டாத. போட்டோ எடுக்கற வரைக்கும் நானே காட்டிக்கினு நிக்கிறேன்."

சுவரை நோக்கி ஒற்றை விரலை நீட்டியபடி அசையாமல் நின்றிருந்தார். விரலுக்கு முன்னால் அதே மாதிரி இன்னொன்று, வெள்ளைப் புள்ளிகளோடு. நிதானமாக எண்ணினேன். ஏழுதான்.

செருப்பை வாசற்படியிலேயே கழற்றிவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு வந்திருந்தார்.