பெரிய டிஸ்க்கில் ஏறிய பூட்லோடர்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர் அவர். ஆனால் ஊருக்குள் எந்தத் தெருவில் நடந்தாலும் தலைக்கு மேல் தெரிகிற பெயர்ப்பலகைகளில் பாதி அவர் வெட்டியவை. எல்லாரும் அவரை எழுத்துக்காரர் என்றே கூப்பிட்டார்கள். ரம்பத்தாலும் அரத்தாலும் எழுத்து வெட்டிக்கொண்டிருந்த மனுஷன், பழைய மோட்டார்களையும் யாரோ கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தானே ஒரு வெட்டும் மெஷினைக் கட்டினார். அதை ஓட்ட, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் சாஃப்ட்வேரைப் போட்டார். இன்ஜினீயர்கள் வந்து பார்த்து மூக்கின் மேல் விரலை வைத்தார்கள் என்றால் சும்மாவா?

எழுபது வயதில் முழங்கால் தகராறு செய்தது. பட்டறையை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் மூன்று வருஷமாக இடத்தைக் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். மகளோ பத்து வருஷமாக அப்பாவோடு அந்தத் தூசியில் நிற்கிறவள். எழுத்துக்காரர் அவளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்: பத்து நாள் அவளே திறந்து ஓட்ட வேண்டும், அவர் பதினோரு மணிக்கு மேல்தான் வருவார். ஓட்டிக் காட்டினால் பட்டறை அவளுக்கு. இல்லையென்றால் கண்ணாடிக்கு.

ஒப்படைக்கிற பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? முந்தின நாள் சாயங்காலம் மெஷினுக்கு எண்ணெய் விட்டு, துடைத்து, கம்ப்யூட்டருக்கு நெடுநாளாகப் போடாமல் இருந்த அப்டேட்டையும் போட்டார். ஒருமுறை நிறுத்தி ஓட்டிப் பார்த்தார். ஜம்மென்று வந்தது. வழக்கம்போல வெளியில் செருகியிருந்த டிசைன் நகல் டிஸ்க்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒரு மழையில் கூரை ஒழுகி அத்தனை டிசைனும் நாசமானதிலிருந்து நகலைப் பட்டறையில் தங்க விட்டதே இல்லை அவர்.

முதல் நாள் காலையில் மகள் சுவிட்சைப் போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம். அதோடு சரி. பதினோரு மணிக்கு எழுத்துக்காரர் வந்தார், டிஸ்க்கைச் செருகினார், சுவிட்சைத் தட்டினார். மெஷின் சொன்னபடி கேட்டது. எட்டிப் பார்த்த கண்ணாடிக் கடைக்காரர், “அது கைய பாத்து ஓடுதுங்க அண்ணே. பொண்ணு கைக்கு அடங்கல,” என்றார். எழுத்துக்காரருக்கு அது வெல்லமாகத்தான் இருந்தது. ஐம்பது வருஷக் கை, அதற்குத் தெரியாதா என்று பதில் சொன்னார். மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

இரண்டாம் நாளும் அதே கூத்து.

மூன்றாம் நாள் இருப்புக்கொள்ளாமல் பத்து மணிக்கே அவர் வந்தபோது மகள் ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் படித்துக்கொண்டிருந்தாள். சோர்வு இருந்தது, அழுகை இல்லை. திரையில் வந்த வரியைத் தேடிப் பார்த்திருந்தாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும் லினக்ஸைத் தேடிப் பிடித்து எழுப்புகிற வேலை பூட்லோடருடையதாம். இந்தக் கம்ப்யூட்டருக்குள் அதில் பாதி பழசு, பாதி புதுசு, ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை.

“அப்பா, பையில இருக்கறத எடுக்காதீங்க. அப்படியே சுவிட்ச போடுங்க.”

“ஏன், என்னைச் சோதிக்கறியா?”

“ஆமா.”

போட்டார். கறுப்புத் திரை, இரண்டு வரி. இன்னொரு தடவை போட்டார். ஐம்பது வருஷக் கை அந்தரத்தில் நின்றது.

அப்போதுதான் அவருக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அப்டேட் நடுவில் ஒரு கேள்வி கேட்டது. பூட்லோடரை எந்த டிஸ்க்கில் எழுதட்டும் என்று இரண்டைக் காட்டியது. ஆங்கிலத்தை அவர் எழுத்துக்கூட்டவில்லை, எண்களை மட்டும் பார்த்தார். பட்டறையில் பெரிய மோட்டார்தானே முதலாளி. டிஸ்க்கிலும் பெரியதுதான் முதலாளி என்று அதற்கு டிக் போட்டார். பெரியது வெளியில் செருகியிருந்த நகல் டிஸ்க். புதுசு அதில் போய் ஏறிக்கொண்டது, உள்ளே பழசே தங்கிவிட்டது. கம்ப்யூட்டரும் எப்போதும் வெளியில் இருப்பதைத்தான் முதலில் பார்க்கும். ஆக, பட்டறையை எழுப்புகிற பூட்லோடரை மூன்று நாளாக இவரே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறார்.

டிஸ்க்கைச் செருகி எழுப்பினார், கட்டளை எழுதும் கறுப்புக் கட்டத்தைத் திறந்தார், நாற்காலியை மகள் பக்கம் தள்ளினார். உள்ளே இருக்கிற டிஸ்க்கின் பெயரை இரண்டு தடவை சரிபார்த்து, பூட்லோடரை அதில் எழுதச் சொல்லி அவள் கட்டளை கொடுத்தாள். பிழை எதுவும் இல்லை என்று வந்தது. டிஸ்க்கைப் பிடுங்கினாள். நிறுத்திப் போட்டாள். லினக்ஸ் எழுந்தது.

இப்போது ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம். சரியாகிவிட்டது, யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு அவருக்கும் வந்தது. ஆனால் மகள் பேர் பக்கத்துக் கடையில் கெட்டுக் கிடக்கிறதே. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். கண்ணாடிக் கடைக்காரர் மேஜையில் அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, வேற இடம் பாத்துக்க. மெஷின் என் பொண்ணு கைக்கு அடங்கிருச்சு.”

“என்னண்ணே ஆச்சு?”

“தப்பு என்னுது. இந்தத் தொழில்ல நான் பண்ணின ஒரே தப்பு. அதைக் கண்டுபிடிக்க அவளாலதான் முடிஞ்சுது.”

ஒரே தப்பு என்பதைக் கண்ணாடிக் கடைக்காரர் நம்பினாரோ என்னவோ. உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. எழுத்துக்காரர் பட்டறைக்குத் திரும்பவில்லை. அவர் வர வேண்டிய பதினோரு மணி ஆக இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது; தெருவோரமாக மெல்ல வீட்டைப் பார்த்து நடந்தார்.