பெட்டி மார்க்கில் இருந்த கொக்கி

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், தேயிலைப் பெட்டிகளுக்கு மார்க் போடுவது என் வேலை. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா ஒருநாள் வந்து, "நீ ஒரு பெட்டி முடிக்கிறதுக்குள்ள மரியதாஸ் ரெண்டு முடிச்சிர்றான். ஏன்யா?" என்று கேட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இந்த வேலை போனால் மறுபடி மலையில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டத்தான் போக வேண்டும்.

பெட்டிமேல் தகரத் தகட்டை வைத்து, மை தொட்ட பிரஷ்ஷால் குத்தினால் தோட்டத்தின் பெயர் இங்கிலீசில் விழும். அது ஒரு பழைய வெள்ளைக்காரரின் பெயர். கடைசி எழுத்துக்கு முன்னால், மேலே, சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். தகட்டில் அந்த ஓட்டை மட்டும் அடிக்கடி மையால் அடைத்துக்கொள்ளும். அதனால் ஈர்க்குச்சியில் மை தொட்டு, கொக்கியை நான் கையாலேயே வைப்பேன். மற்ற எழுத்தெல்லாம் தகடு போட்டது; அது ஒன்றுதான் நான் போட்டது.

புதிதாக வந்த மரியதாஸ் ஹட்டனில் எட்டாவது வரை படித்தவன். அந்தக் கொக்கிக்கு அப்பாஸ்ட்ரபி என்று பெயர் சொன்னவனும் அவன்தான், அதை வைக்காமல் விட்டவனும் அவன்தான்.

"ஐயா, இவன் கொக்கிய வுட்டுர்றான். பேரே கெட்டுப்போயிரும்" என்றேன்.

"இல்லாட்டியும் அதே பேருதாண்ணே வாசிப்பாங்க" என்று மரியதாஸ் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தோட்டத்து மேனேஜர் துரை வந்து இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். "இது இல்லாட்டி தேத்தண்ணி கசக்குமா? வேணாம், விடு" என்றார்.

என் பிரஷ்ஷும் அவன் கைக்குப் போனது. பெட்டி ஓரங்களில் தகரப் பட்டி அடிக்கும் சுத்தியல் என் கைக்கு வந்தது. மார்க் சரியில்லை என்று என்றைக்காவது ஒரு பெட்டி திரும்பி வராதா என்று காத்திருந்தேன். ஆணி அடிக்கும்போதும் கண் அவன் பிரஷ்ஷின் மேல்தான்.

கடைசியில் ஒரு பெட்டி வந்தேவிட்டது. ஹட்டன் ஸ்டேசனுக்குப் போன லொறி அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. நான் ஓடினேன்.

"மார்க் சரியில்லன்னாங்களா?"

"மார்க்குக்கு என்னய்யா? பட்டி கழண்டு தூள் கொட்டுது. வேலைய எவன் பாத்தான்?" என்றார் லொறி டிரைவர்.

நான் சுத்தியலை எடுத்து வந்தேன். மரியதாஸ்தான் வந்து பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். "அடிங்கண்ணே" என்றான்.

இங்கிலீசுக்கு அந்தக் கொக்கி வேண்டுமா வேண்டாமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. வேலைக்கு வரும் தம்பிமாருக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: அடுத்தவன் கையைப் பார்த்துக்கொண்டு ஆணி அடிக்காதீர்கள்.